எஞ்சினுக்குச் சூடு, டீசலுக்கு இல்லை: நெடுஞ்சாலை 11இல் ஒரு கூலன்ற் ஹீற்றருடன் நான்கு குளிர்காலங்கள்

ரொறன்ரோவிலிருந்து தண்டர் பேக்கும் வினிப்பெக்குக்கும் சொந்த ட்ரக்கில் சரக்கு ஏற்றிச் செல்வது என் தொழில். டீசலை எரித்து, எஞ்சினுக்குள் சுற்றி அதைக் குளிர்விக்கும் திரவமான கூலன்றைச் சூடாக்கும் ஹீற்றர் ஒன்றை என் ட்ரக்கில் பொருத்தி நான்கு குளிர்காலங்கள் கடந்துவிட்டன. அதை வாங்கலாமா, கொடுக்கும் பணத்துக்குப் பெறுமதி உண்டா என்று ஸ்காபரோவிலும் பிரம்டனிலும் ட்ரக் ஓட்டும் நம்மவர் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்ன பதிலை இங்கே முழுமையாக எழுதிவைக்கிறேன்.

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வடக்கு ஒன்ராறியோவில் வாரத்துக்கு இரண்டு மூன்று இரவுகள் தங்க நேரும் ஒருவருக்கு இந்த ஹீற்றர் அவசியமான பொருள். பொருத்துகூலியோடு சேர்த்து நான் கொடுத்த ஏறத்தாழ 3,000 டொலரை, எரிக்காமல் மிச்சப்பட்ட டீசலிலேயே இரண்டாம் குளிர்காலம் முடிவதற்குள் மீட்டுவிட்டேன். ஆனால் இதை வாங்கிப் பூட்டியவுடன் குளிரைப் பற்றிய கவலை தீர்ந்தது என்று எண்ணியிருந்தால், தயவுசெய்து இந்த மதிப்புரையை இறுதிவரை வாசியுங்கள். இது எஞ்சினைச் சூடாக்கும், அவ்வளவே. குளிரில் ட்ரக்கைக் கிடத்திவிடும் வேறு காரணங்களை இது தொடுவதே இல்லை. அவற்றில் ஒன்று ஹேர்ஸ்ற் நகருக்கு மேற்கே ஒரு ஜனவரி விடியற்காலையில் என்னை நிறுத்திவைத்தது.

பெயரில் உள்ள குழப்பத்தை முன்னதாகவே நீக்கிவிட வேண்டும். ஜெர்மனியின் வெபாஸ்ரோ, எஸ்பார் என்ற பெயரில் வட அமெரிக்காவில் விற்ற எபர்ஸ்பெச்சர் ஆகிய இரண்டும்தான் இத்துறையில் நெடுங்காலம் அறியப்பட்ட நிறுவனங்கள். இரண்டுமே இருவகை ஹீற்றர்களைச் செய்கின்றன. ஒன்று ட்ரக்கின் படுக்கை அறைக்குள் சூடான காற்றை ஊதுவது, ஓட்டுநர் உறங்குவதற்கானது. மற்றது எஞ்சினுக்குள் ஓடும் கூலன்றைச் சூடாக்குவது, எஞ்சின் எழும்புவதற்கானது. ஓட்டுநர்கள் எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைப்பதால், காற்று ஹீற்றரை வாங்கிவிட்டு காலையில் எஞ்சின் ஏன் இன்னும் முனகுகிறது என்று கேட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். நான் இங்கே எழுதுவது இரண்டாம் வகையைப் பற்றி. என் ட்ரக்கில் இரண்டும் உண்டு.

பெற்றோல் எஞ்சினில் தீ மூட்டுவதற்குப் பொறி உண்டு. டீசல் எஞ்சினில் அது கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக நெருக்கி, அந்த நெருக்கத்தில் பிறக்கும் வெப்பத்தாலேயே டீசலைப் பற்றவைக்கிறது. மைனஸ் 30 பாகையில் உள்ளே வரும் காற்றே பனிக்கட்டியைவிடக் குளிர்ந்தது. அதை நெருக்கிப் பெறும் சிறிது வெப்பத்தையும் ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு உடனே உறிஞ்சிவிடுகிறது. ஸ்ரார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் நெருக்கப்பட்ட காற்று பிஸ்ரன் வளையங்களின் ஓரமாகக் கசிவதற்கும் நேரம் கிடைத்துவிடுகிறது. மெதுவாகச் சுற்றுவதற்கும் இரண்டு காரணங்கள் உண்டு. பற்றரி தன் வலுவில் பாதிக்கு மேல் இழந்திருக்கும். ஒயில் தேன்போல் தடித்திருக்கும். ஆகவே ஒரே குளிர் மூன்று பக்கங்களிலிருந்து ஒரே நேரத்தில் தாக்குகிறது. பெரும்பாலான கனரக எஞ்சின்களில் சிறிய டீசல் வாகனங்களில் உள்ளதுபோல் எரியறையைச் சூடாக்கும் குளோ பிளக் இருப்பதில்லை. சிலவற்றில் உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கும் மின்கம்பி மட்டும் உண்டு. அப்படிப்பட்ட எஞ்சினில் எளிதில் தீப்பற்றும் ஈதரைத் தெளித்துக் கிளப்பப் பார்ப்பது வெடிப்பை வலிந்து அழைப்பதாகும். ஒருபோதும் செய்யாதீர்கள்.

நான் வாங்கிய ஹீற்றர் ஒரு சப்பாத்துப் பெட்டியின் பருமனுடையது. 5 கிலோவாற் வெப்பம் தரக்கூடியது. ட்ரக்கின் அடிச்சட்டத்தின் பக்கவாட்டில், படிக்கட்டுக்குப் பின்னால் பொருத்தப்பட்டுள்ளது. அது வேலை தொடங்கும் விதத்தைப் படுக்கையில் கிடந்தபடியே காதால் அறியலாம். முதலில் சிறு விசிறியொன்று மெல்ல இரையும். பின்னர் டீசலை அளந்து கொடுக்கும் பம்ப் 'டிக்… டிக்…' என்று நிதானமாகத் தட்டத் தொடங்கும். ஒவ்வொரு தட்டுக்கும் சில துளி டீசல் எரியறைக்குள் செல்கிறது. உள்ளேயிருக்கும் பற்றவைப்புக் கம்பி சிவந்து தீ பிடித்ததும் தட்டுக்கள் நெருங்கி, விசிறியின் இரைச்சல் தாழ்ந்த குரலில் உறுமுவதாக மாறும். அந்த உறுமல் கேட்டுவிட்டால் நான் மறுபக்கம் திரும்பிப் படுத்துவிடுவேன். தீயின் சூட்டை வாங்கிய கூலன்றைச் சிறு நீர்ப்பம்ப் ஒன்று எஞ்சினின் உடலுக்குள் சுற்றவிடும். கூலன்ற் போதிய சூட்டை எட்டியதும் ஹீற்றர் தானாகவே பாதி வேகத்துக்கு இறங்கும்.

நேரத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் கருவி உள்ளே, படுக்கையருகில் உள்ளது. மைனஸ் 25 பாகை இரவில், புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக எரியும்படி வைத்தால், சாவியைத் திருப்பும்போது கூலன்ற் அளவி 40 பாகைக்கு அருகே நிற்கும். எஞ்சின் ஜூன் மாதக் காலைபோல் அரைச் சுற்றில் எழும்பும். வெண்புகை இல்லை, உலுக்கல் இல்லை, கண்ணாடியில் படிந்த உறைபனி பத்து நிமிடத்தில் கரைந்துவிடும். இந்த ஒரு காட்சிக்காகவே பணம் கொடுக்கலாம் என்று முதல் குளிர்காலத்தில் எனக்குத் தோன்றியது.

கணக்கையும் சொல்ல வேண்டும். நிறுத்திவைத்த எஞ்சினை இரவு முழுதும் ஓடவிட்டால் மணிக்கு ஏறத்தாழ 3 லீற்றர் டீசல் போகும். கனடாவின் பணிநேர விதிப்படி தொடர்ச்சியாக எட்டு மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும். முன்பின் சேர்த்து ஒன்பது, பத்து மணி நேரம் ட்ரக் நிற்கும். அதாவது ஓர் இரவுக்கு 30 லீற்றர். கூலன்ற் ஹீற்றர் முழுவேகத்தில்கூட மணிக்கு 0.6 லீற்றர் அளவில்தான் குடிக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றேகால் லீற்றருக்குள் அடங்கிவிடும். படுக்கை அறைக் காற்று ஹீற்றர் இரவு முழுதும் எரிந்தாலும் இரண்டு லீற்றரைத் தாண்டுவது அரிது. பணத்தைவிட முக்கியமானது வேறொன்று. குளிரில் வெறுமனே ஓடும் எஞ்சினின் புகைக்குழாய் போதிய சூட்டை எட்டுவதில்லை. அதனால் டீசல் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. அதைச் சுத்தப்படுத்தக் கொடுத்த தொகைகளை நினைத்தால், இந்த ஹீற்றர் மிச்சப்படுத்திய பணத்தை நான் குறைத்துத்தான் சொல்கிறேன்.

எஞ்சினை மின்சாரத்தால் சூடாக்கும் பிளொக் ஹீற்றர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1,000 முதல் 1,500 வாற் வரையான பிளொக் ஹீற்றர் மலிவானது, பழுதாகும் பாகங்கள் குறைந்தது, மூன்று நான்கு மணி நேரம் மின்சாரத்தில் கொழுவிவிட்டால் போதும். வினிப்பெக்கில் கார் நிறுத்துமிடங்களில்கூட மின்முனைகள் இருப்பதைக் காணலாம். தினமும் தன் யார்டுக்குத் திரும்பி, சுவரில் பிளக் இருக்கும் இடத்தில் நிறுத்துபவருக்கு நான் கூலன்ற் ஹீற்றரைப் பரிந்துரைக்க மாட்டேன். பிளொக் ஹீற்றரும் நல்ல வயரும் போதும். ஆனால் வடக்கு ஒன்ராறியோவை ஊடறுக்கும் நெடுஞ்சாலை 11இலும் 17இலும் இரவு பிடிக்கும் இடத்தில் நிறுத்த வேண்டியவருக்குச் சுவரும் இல்லை, பிளக்கும் இல்லை. நிப்பிகனில் இவ்விரு சாலைகளும் ஒன்றாகி ஒரே பாலத்தைக் கடக்கின்றன. 2016 ஜனவரி 10ஆம் திகதி அந்தப் புதிய பாலத்தின் ஒரு பக்கத் தளம் குளிரிலும் காற்றிலும் மேலெழும்பியபோது, மறுநாள் ஒரு தடம் திறக்கும்வரை கனடாவின் கிழக்குக்கும் மேற்குக்கும் இடையே இருந்த சாலைத் தொடர்பே அறுந்துபோனது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், பனிப்புயலாலும் விபத்தாலும் சாலை மூடப்பட்டு நடுவழியில் ஆறேழு மணி நேரம் காத்திருப்பது எங்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் நடப்பது. தன்னிடமுள்ள டீசலிலேயே இயங்கும் ஹீற்றரின் அருமை அங்கேதான் தெரியும்.

இனி அந்த ஜனவரி விடியற்காலை.

அமெரிக்காவின் கென்ரக்கியிலிருந்து சரக்கு ஏற்றி மிசிசாகாவில் இறக்கிவிட்டு, மறுநாளே தண்டர் பேக்கு ஏற்றினேன். கென்ரக்கியில் டீசல் விலை குறைவு என்பதால் இரண்டு தாங்கிகளையும் அங்கேயே கழுத்துவரை நிரப்பியிருந்தேன். பாதிக்குக் கீழே இறங்கியிருந்தாலும் தண்டர் பே வரை போதும் என்று கணக்கிட்டு, ஒன்ராறியோவில் ஒரு லீற்றர்கூட ஊற்றவில்லை. கொக்ரேன், கப்பஸ்கேசிங் தாண்டி ஹேர்ஸ்றுக்குச் சில கிலோமீற்றர் மேற்கே உள்ள தரிப்பிடத்தில் இரவு நிறுத்தினேன். அங்கிருந்து லோங்லாக் வரை 200 கிலோமீற்றருக்கு மேல் காடுதான். மைனஸ் 34 பாகை. நான்கு மணிக்கு ஹீற்றர் எரியும்படி வைத்துவிட்டு உறங்கினேன்.

ஆறு மணிக்கு எழுந்தபோது கூலன்ற் அளவி 15 பாகையைத்தான் காட்டியது, ஹீற்றர் நின்றிருந்தது. ஏன் என்று யோசிக்காமல் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் எழும்பியது. கைவிளக்கோடு இறங்கி வழக்கமான சோதனைக்காக ட்ரெய்லரைச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். ஏழு நிமிடம் இருக்கும். எஞ்சினின் சத்தம் தாழ்ந்து, ஒருமுறை இருமி, நின்றது. அதற்குப் பிறகு அந்தக் காட்டில் என் சப்பாத்தின் கீழ் பனி நொறுங்கும் ஒலியைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

நீர் பிரிக்கும் பில்ற்றரின் கண்ணாடிக் கிண்ணத்தில் விளக்கை அடித்துப் பார்த்தேன். தெளிந்த மஞ்சளாய்த் தெரியவேண்டிய டீசல், மார்கழி விடியலில் போத்தலுக்குள் உறைந்த தேங்காய் எண்ணெய்போல் வெளிறி, கலங்கி, ஓரங்களில் கட்டியாக ஒட்டியிருந்தது. ஊரில் அம்மா அந்தப் போத்தலை வெயிலில் வைப்பார். இங்கே வெயில் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது; வந்தாலும் அது உருக்கும் வெயிலில்லை.

இதே பாதையில் பதினெட்டு ஆண்டுகளாக ஓடும் ஓர் அண்ணையை அழைத்தேன். நடந்ததை அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எஞ்சினைச் சூடாக்கிப் போட்டாய், சரி. டீசலை ஆர் தம்பி சூடாக்கிறது?"

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் அடங்கியிருந்தது. டீசலில் இயல்பாகவே மெழுகு உண்டு. குறிப்பிட்ட குளிரில் அது நுண்ணிய படிகங்களாகப் பிரிந்து எரிபொருளைக் கலங்கலாக்கும். இன்னும் குளிர்ந்தால் படிகங்கள் பில்ற்றரின் தாளில் படிந்து வழியை மூடிவிடும். கனடாவின் எரிபொருள் தரவிதிகள் பகுதிக்கும் பருவத்துக்கும் ஏற்ப, மாதத்தின் முற்பாதி பிற்பாதி என்று பிரித்து, டீசல் எந்தக் குளிருக்குத் தாங்க வேண்டும் என்று வகுத்திருக்கின்றன. அதனால் ஜனவரியில் கப்பஸ்கேசிங்கில் விற்கும் டீசலும் கென்ரக்கியில் விற்கும் டீசலும் பெயரில்தான் ஒன்று. நான் சில டொலர்களை மிச்சம்பிடிக்க, தெற்கின் டீசலை வடக்கின் இரவுக்குள் கொண்டுபோயிருந்தேன். ஹீற்றர் நடுவிலேயே நின்றதற்கும் காரணம் அதுதான். அதுவும் அதே தாங்கியிலிருந்துதான் குடிக்கிறது. அதன் குழாய் எஞ்சினின் குழாயைவிட மெல்லியது. ஆகவே அதற்குத்தான் முதலில் அடைத்தது. அது எனக்குத் தந்த எச்சரிக்கையை நான் கவனிக்கவில்லை. குற்றம் ஹீற்றரில் இல்லை, என்னில்.

கையிருப்பில் ஒரு பில்ற்றர் இருந்தது. உறைந்த டீசலை மீண்டும் இளக்குவதற்கென்று விற்கும் சிவப்புப் போத்தல் திரவத்தைத் தாங்கிகளிலும் ஊற்றிப் பார்த்தேன். அரை மணி நேரம் கையுறையோடும் கையுறை இல்லாமலும் போராடியும் எஞ்சின் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவில்லை. இறுதியில் இழுவை வண்டி வந்து ஹேர்ஸ்றில் ஒரு கராஜுக்கு இழுத்துச் சென்றது. அங்குள்ள பெரும்பாலானவர்களைப் போல் பிரெஞ்சு பேசும் முதிய மெக்கானிக் ஒருவர், ட்ரக்கைச் சூடான மண்டபத்துக்குள் விட்டு, கதவைச் சாத்தி, கோப்பி ஒன்றை என் கையில் தந்து, காத்திருக்கச் சொன்னார். மாலை மூன்று மணிக்குப் புறப்பட்டேன். இழுவைக்கும் கராஜுக்கும் கொடுத்த தொகை, கென்ரக்கியில் மிச்சம்பிடித்ததைவிடப் பல மடங்கு.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பது இதுதான். தெற்கிலிருந்து வந்தால், சட்பரிக்கு அப்பால் செல்வதற்கு முன் தாங்கியை உள்ளூர் குளிர்கால டீசலால் நிரப்பிக் கலக்கிறேன். மெழுகு படிவதைத் தடுக்கும் வெள்ளைப் போத்தல் திரவத்தை, டீசல் ஊற்றுவதற்கு முன்பே தாங்கியில் ஊற்றுகிறேன். மேலே விழும் டீசல் அதை நன்கு கலந்துவிடும். டீசல் கலங்கிய பிறகு இதை ஊற்றுவதால் பயனில்லை என்பதைப் பலர் அறியார். படிகம் உருவாகும்போதே அதன் வடிவத்தைச் சிறிதாக்குவதுதான் அதன் வேலை; உருவாகி முடிந்த மெழுகை அது கரைக்காது. நீரைப் பிரிக்கும் கிண்ணத்தைத் தினமும் திறந்து வடிக்கிறேன், ஏனென்றால் மெழுகுக்கு முன்பே உறைவது நீர்தான்.

ஹீற்றரைப் பொருத்திய விதத்தைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனெனில் என் அனுபவத்தில் பொருளைவிடப் பொருத்துபவரே பெரிய வேறுபாட்டைத் தருகிறார். முதலில் பொருத்திய கராஜின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. அவர்கள் ஹீற்றருக்கென்று தாங்கியில் தனிக்குழாய் இறக்காமல், எஞ்சினின் எரிபொருள் குழாயிலேயே கிளை எடுத்திருந்தார்கள். எஞ்சின் ஓடும்போது அதன் இழுவையால் ஹீற்றரின் குழாயில் காற்று புகுந்துவிடும். மறுநாள் காலை ஹீற்றர் இரண்டு முறை தட்டிவிட்டுத் தீ பிடிக்காமல் நின்றுபோகும். முதல் மாதம் முழுதும் நான் பொருளையே குறை கூறிக்கொண்டிருந்தேன். அதைவிட ஆபத்தான தவறு ஒன்றும் இருந்தது. ஹீற்றரின் புகைக்குழாயைப் படுக்கை அறையின் காற்றுத் துவாரத்துக்கு நேர் கீழே முடித்திருந்தார்கள். நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு உறங்குபவரின் அறைக்குள் ஏறுவதற்கு வேறு வழி தேவையில்லை. நான் முன்னரே மாட்டியிருந்த எச்சரிக்கைக் கருவி ஓர் இரவில் அலறியதால்தான் அதைக் கண்டுபிடித்தேன். முப்பது டொலருக்குக் கிடைக்கும் அந்தக் கருவியை வாங்காமல் எந்த எரிபொருள் ஹீற்றரையும் யாரும் பொருத்திக்கொள்ளக் கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

இரண்டாவதாக வேறொரு மெக்கானிக் அனைத்தையும் அவிழ்த்துச் சரிசெய்தார். தாங்கியில் தனிக்குழாய் இறக்கினார். அதன் வாயை அடியைத் தொடாமல் சில விரற்கடை உயரத்தில் நிறுத்தினார், அடியில் தங்கும் நீரும் அழுக்கும் ஏறாதிருக்க. புகைக்குழாயைப் பின்பக்கமாக வெளியே திருப்பி, அதன் தாழ்ந்த புள்ளியில் ஒரு சிறு துளையிட்டார். எரியும்போது உண்டாகும் நீர் அங்கே வடிந்துவிடும். இல்லாவிட்டால் அது உறைந்து குழாயையே அடைத்துவிடும். அந்தத் துளையைக் காட்டி அவர் விளக்கிய ஐந்து நிமிடம், கையேட்டை வாசித்த இரண்டு மணி நேரத்துக்கு ஈடானது. நீங்கள் பொருத்தக் கொடுக்கும்போது இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள்: தனிக்குழாய், புகைக்குழாயின் முடிவிடம், நீர் வடியும் துளை. பதில் தெளிவாக வராவிட்டால் வேறிடம் பாருங்கள்.

பராமரிப்பில் ஹீற்றர் அதிகம் கேட்பதில்லை, ஆனால் கேட்பதைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். கோடையிலும் மாதம் ஒருமுறை இருபது நிமிடம் எரியவிட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் பம்பில் பழைய டீசல் பிசினாகி, எரியறையில் கரி படிந்து, ஒக்ரோபரில் முதல் குளிர் வரும் நாளில் அது எழும்பாது. அணைத்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் விசிறி ஓடி உள்ளேயுள்ள புகையையும் சூட்டையும் வெளியேற்றும். அந்த நேரத்தில் பற்றரியின் பிரதான சுவிச்சை அணைத்தால் உள்பாகங்கள் கருகும். மேலும், பற்றரியின் மின்னழுத்தம் குறைந்தால் ஹீற்றர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். மிகத் தேவையான இரவில் அது நின்றுவிட்டதென்று சிலர் குறைகூறுகிறார்கள்; பெரும்பாலும் அங்கே சோதிக்கவேண்டியது பற்றரியைத்தான்.

என் ட்ரக்கில் நான்கு பற்றரிகள். ஒவ்வோர் ஒக்ரோபரிலும் நான்கையும் தனித்தனியாகக் கழற்றிச் சுமை கொடுத்துச் சோதிக்கிறேன். ஒன்று தளர்ந்திருந்தால் மற்ற மூன்றும் இரவு முழுதும் அதற்கு மின் ஊட்டித் தாமும் தளரும். முழு மின்னேற்றமுள்ள பற்றரி எங்கள் பாதையின் குளிரில் உறையாது. மின் தீர்ந்த பற்றரியோ மைனஸ் 7 பாகை அளவிலேயே உறைந்து வெடிக்கலாம். முனைகளில் பூத்த வெண்பச்சைத் தூளைச் சுரண்டி எடுப்பது பத்து நிமிட வேலை, அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒயிலைப் பற்றி ஒரு வார்த்தை. கூலன்ற் ஹீற்றர் எஞ்சினின் உடலைச் சூடாக்கும்போது கீழ்த்தட்டில் உள்ள ஒயில் மிகப் பின்தங்கித்தான் சூடேறுகிறது. ஆகவே ஹீற்றர் இருக்கிறது என்று குளிரில் அதிகம் தடிக்கும் 15டபிள்யூ-40 ஒயிலையே ஊற்றிக்கொண்டிருப்பது தவறு. குளிரில் எஞ்சினைச் சுழலவிடுமா என்று பார்க்கும் சோதனை அந்த ஒயிலுக்கு மைனஸ் 20 பாகையில்தான் செய்யப்படுகிறது. 5டபிள்யூ வகைக்கு அது மைனஸ் 30. எஞ்சின் நிறுவனம் அனுமதிக்கும் 5டபிள்யூ-40 செயற்கை ஒயிலுக்கு நான் நவம்பரில் மாறிவிடுகிறேன். கூலன்றைப் பொறுத்தவரை நீரும் கிளைக்கோலும் சரிபாதி சேர்ந்த கலவை மைனஸ் 37 பாகை வரை தாங்கும். பாதுகாப்புக்காகத் தூய கிளைக்கோலையே ஊற்றுவோம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது மைனஸ் 13 பாகை அளவிலேயே உறையும், கலவைதான் காக்கும். எஞ்சினின் புகையைச் சுத்திகரிக்கத் தனித் தாங்கியில் ஊற்றும் டி.இ.எஃப். திரவம் மைனஸ் 11 பாகையில் உறைந்துவிடும். அதற்காக அஞ்சவேண்டாம்; உறைந்த நிலையிலும் ட்ரக் கிளம்பும், ஓடத்தொடங்கியதும் எஞ்சினின் கூலன்றே அதை உருக்கும். உறையும்போது விரிவதால் தாங்கியைக் கழுத்துவரை நிரப்பாமலும், அதில் எந்தத் திரவத்தையும் கலக்காமலும் இருந்தால் போதும்.

காற்றுப் பிரேக்கில் நீர் தங்கி உறைந்தால் எஞ்சின் எவ்வளவு இனிதாக ஓடினாலும் ட்ரெய்லர் நகராது. காற்று உலர்த்தியின் உருளையைக் குளிர்காலத்துக்கு முன் மாற்றுவதும் காற்றுத் தாங்கிகளை வடிப்பதும்தான் வழி; குழாய்க்குள் அல்ககோல் ஊற்றுவது இறப்பர் பாகங்களைக் கெடுக்கும், நான் அதை விட்டுவிட்டேன்.

நெடுஞ்சாலை 17இல் வைட் ரிவர் ஊரில் மைனஸ் 72 ஃபாரன்ஹைட்டை (ஏறத்தாழ மைனஸ் 58 செல்சியஸ்) காட்டும் பெரிய வெப்பமானிப் பலகை ஒன்று உண்டு. கனடாவிலேயே மிகக் குளிர்ந்த இடம் என்று ஊர் பெருமை கொள்கிறது. நம்மவர் பலர் அதன்முன் நின்று படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள், நானும் அனுப்பியிருக்கிறேன். நாட்டின் பதிவேட்டிலுள்ள மிகக் குறைந்த வெப்பநிலை 1947 பெப்ரவரி 3ஆம் திகதி யூக்கொனின் ஸ்நாக்கில் அளக்கப்பட்ட மைனஸ் 63 பாகை செல்சியஸ்தான். எங்கள் பாதையில் ட்ரக்கை நிறுத்துவதற்கு அத்தகைய சாதனைக் குளிர் தேவையில்லை. மைனஸ் 20இல் தளர்ந்த பற்றரியும் தெற்கின் டீசலும் சேர்ந்தால் போதும்.

தெற்கே ரெக்சாஸுக்கும் புளோரிடாவுக்கும் ஓடுபவர்களும், இரவில் யார்டுக்குத் திரும்புபவர்களும் இந்தப் பணத்தை நான்கு நல்ல பற்றரிகளிலும் பிளொக் ஹீற்றரிலும் போடலாம். சட்பரிக்கு வடக்கே உறங்குபவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஆனால் வாங்கும்போது அதே கையோடு தனிக்குழாயும் காபனோரொட்சைட்டு கருவியும் கணக்கில் வரவேண்டும்.

இந்தக் குளிர்காலத்துக்கு நான் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். ஹீற்றரைப் பெரிய தாங்கியிலிருந்து பிரித்து, அதற்கென்று 10 லீற்றர் கொள்ளும் சிறு தாங்கி ஒன்றைச் சட்டத்தில் பொருத்தியிருக்கிறேன். மெழுகு மிகக் குறைந்த நம்பர் 1 டீசலை மட்டுமே அதில் ஊற்றுகிறேன். ஒரு வாரத்துக்குப் போதுமாக இருக்கிறது. எஞ்சினின் டீசல் எப்படியிருந்தாலும் ஹீற்றர் இனிப் பட்டினி கிடக்காது. கடந்த வாரம் கப்பஸ்கேசிங்கில் மைனஸ் 22 பாகை. நான்கு மணிக்குத் தட்டத் தொடங்கிய பம்ப், நான் எழும்பிய ஆறு மணிக்கும் தட்டிக்கொண்டிருந்தது.